பிணை நின்ற அரசாங்கம்: ஏற்றுமதிக் கடனும் பெர்காவ் அணையும்



தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு ‘555’ என்னும் சிறு குறிப்புப் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தப் புத்தகத்தில்தான் மளிகைக்கடைக்காரர் நம் வீட்டு அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய்க் கணக்கை எழுதி வைப்பார். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். தோட்டத்திற்குப் புதிதாக வந்த குடும்பத்திற்கு மட்டும் அவர் உடனே புத்தகம் போட்டுக் கொடுக்க மாட்டார். “யார் சொல்லி வந்தீர்கள்?” என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து, “கொடுங்கள், நான் பொறுப்பு” என்று சொன்னால் மறுபேச்சின்றிப் புத்தகம் திறக்கப்படும்.

அந்தப் பெரியவர் செய்ததற்குத் தமிழில் ‘பிணை நிற்றல்’ என்று பெயர். இதே செயலை ஓர் அரசாங்கம் செய்தால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் பொருள். உள்நாட்டு வணிகர் அயல்நாட்டாருக்குக் கடனாகப் பொருள் விற்கும்போது, “பணம் வராவிட்டால் நான் பொறுப்பு” என்று அரசாங்கம் சொல்லும் வழக்கம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. வரலாற்றுப் பாடநூல்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால், நம் நாட்டின் கிளந்தான் மாநிலத்தில் எழுந்த ஓர் அணை, இந்த வழக்கத்தின் நன்மை தீமை இரண்டையும் இலண்டன் உயர்நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. நம் மண்ணோடு தொடர்புடைய அவ்வரலாற்றை நாமும் அறிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

கடல் கடந்த கடன்

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். மூவார் மேசை நாற்காலித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு சிறு தொழிற்சாலைக்கு அயல்நாட்டு வணிகர் ஒருவர் ஒரு கப்பல் பெட்டி நிறைய நாற்காலி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பொருள் வந்து 90 நாளில் பணம் தருகிறேன்” என்கிறார். அயல்நாட்டு வணிகத்தில் இது மிக இயல்பான நிபந்தனை. மறுத்தால் அவர் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வார். ஒப்புக்கொண்டால், மரத்திற்கும் கூலிக்கும் இன்றே செலவழித்துவிட்டு, பணத்திற்கு மூன்று மாதத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் இருவகை ஆபத்துகள் உள்ளன. ஒன்று, வாங்கியவர் நொடித்துப் போகலாம் அல்லது ஏமாற்றலாம். இதனை வணிக இடர் என்பர். மற்றொன்று, வாங்கியவர் நேர்மையானவராகவே இருந்தும் அவருடைய நாட்டில் போர் மூளலாம், புரட்சி வரலாம், அந்நியச் செலாவணி வெளியேறக் கூடாது என்று அந்நாட்டு அரசு தடை போடலாம். இதனை அரசியல் இடர் என்பர்.

வணிக இடருக்குத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் ஓரளவு துணை நிற்கும். நூறு வணிகர்களில் இருவர் நொடித்தால், மற்றவர்கள் கட்டிய சந்தாவைக் கொண்டு இழப்பை ஈடுகட்டலாம். அரசியல் இடர் அப்படிப்பட்டதன்று. ஒரு நாட்டில் போர் மூண்டால் அந்நாட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பணம் தர இயலாதவர்கள் ஆகிவிடுவர். அத்தகைய இழப்பைத் தாங்கத் தனியாருக்கு வலிமை போதாது. அங்கேதான் அரசாங்கத்தின் தேவை எழுகிறது. இத்தேவை பொய்யானதன்று. பின்னால் வரப்போகும் குறைகளைப் படிக்கும்போதும் இதனை நாம் மறந்துவிடக் கூடாது.

1919: இலண்டனில் தொடக்கம்

முதலாம் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. போருக்கு முன் பிரிட்டன் உலகிற்கே துணியும் இயந்திரமும் விற்ற நாடு. போர் முடிந்தபோது அதன் பழைய வாடிக்கையாளர்கள் பலர் வறியவர்களாகிவிட்டனர். கிழக்கு ஐரோப்பாவில் போலந்து, பால்டிக் நாடுகள் எனப் புதிய நாடுகள் தோன்றின. அவர்களுக்குப் பொருள் தேவைப்பட்டது. கையில் பணம் இல்லை. அவர்களுடைய நாணயத்தை எவரும் நம்பவில்லை. மறுபுறம், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேவைப்பட்டது. ஆலைகளோ ஆணை இல்லாமல் நின்றன.

இந்தச் சூழலில் 1919-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்றுமதிக் கடனுக்கென ஒரு துறையை அமைத்தது. உலகின் முதல் அரசு ஏற்றுமதிக் கடன் அமைப்பு இதுவே. அடுத்த ஆண்டில் வந்த சட்டம், 26 மில்லியன் பவுண்டு வரை இதற்குப் பயன்படுத்த வழி செய்தது. தொடக்கத்தில் அரசு வணிகர்களுக்கு நேரடியாக முன்பணம் கொடுத்தது. எதிர்பார்த்த அளவிற்கு அத்திட்டத்தை வணிகர்கள் நாடவில்லை. அதற்குள் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. 1921-இல் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 2 மில்லியனைத் தாண்டியது. அவ்வாண்டிலேயே முறை மாற்றப்பட்டது. ‘பணத்தை நாங்கள் தரவேண்டாம், வங்கி தரட்டும். வங்கிக்கு நாங்கள் பிணை நிற்கிறோம்’ என்ற உத்தரவாத முறை பிறந்தது. 1926-இல் இத்துறை ‘ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத் துறை’ என்னும் பெயரைப் பெற்றது.

முன்பணம் கொடுப்பதற்கும் பிணை நிற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்பணம் கொடுத்தால் அரசின் கருவூலத்திலிருந்து இன்றே பணம் போகிறது. வரவு செலவுக் கணக்கில் அது தெரியும். நாடாளுமன்றம் கேள்வி கேட்கும். பிணை நின்றால் இன்று ஒரு காசும் போகாது. ஏற்றுமதியாளர் சந்தா கட்டுவதால் வரவுகூட வரும். இழப்பு ஏற்பட்டால் அது பல ஆண்டுகள் கழித்து, வேறோர் அரசாங்கத்தின் காலத்தில் வந்து நிற்கும். பிணையின் வசதி இதுதான். அதன் மயக்கமும் இதுதான்.

பிரிட்டனைப் பின்பற்றி மற்ற நாடுகளும் இத்துறையில் இறங்கின. செருமனியில் 1926 முதல் ‘எர்மெஸ்’ என்னும் காப்பீட்டு நிறுவனத்தின் வழியாக அரசு உத்தரவாதம் வழங்கப்பட்டது. 1934-இல் இத்தகைய அமைப்புகள் ஒன்றுகூடி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரின் பெயரால் ‘பெர்ன் ஒன்றியம்’ அமைத்தன.

வாசிங்டனும் வெள்ளிக் கட்டிகளும்

அதே 1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூசவெல்ட் ‘ஏற்றுமதி இறக்குமதி வங்கி’யைத் தோற்றுவித்தார். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்த காலம் அது. 1933 நவம்பரில்தான் சோவியத் ஒன்றியத்தை அமெரிக்கா முறைப்படி அங்கீகரித்திருந்தது. அந்த நாட்டிற்கு அமெரிக்க இயந்திரங்களை விற்கலாம் என்பதே வங்கியின் முதல் நோக்கம். பழைய கடன்களைப் பற்றிய சச்சரவு தீராததால் அது கைகூடவில்லை. கியூபாவுடனான வணிகத்திற்கென்று இரண்டாவது வங்கி ஒன்றும் அதே ஆண்டில் அமைந்தது. 1935-இல் கியூபா அமெரிக்க வெள்ளிக் கட்டிகளை வாங்குவதற்காக வழங்கப்பட்ட 3.8 மில்லியன் டாலர் கடனே இவ்வங்கியின் முதல் பரிமாற்றமாகக் குறிக்கப்படுகிறது. சோவியத்திற்காகத் தொடங்கப்பட்ட வங்கியின் முதல் வாடிக்கையாளர் கியூபா என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

பின்னாளில் இவ்வங்கி பெருமளவில் விமான விற்பனைக்குத் துணை நின்றதால், ‘போயிங் வங்கி’ என்று எதிர்ப்பாளர்கள் அதனைக் கேலி செய்தனர். ‘பெருநிறுவனத்திற்கு மக்கள் பணத்தில் ஏன் பிணை?’ என்பது அவர்களுடைய கேள்வி. அக்கேள்வி வலுத்து, 2015-ஆம் ஆண்டு சூன் இறுதியில் வங்கியின் அதிகாரம் காலாவதியாகவே விடப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில்தான் மீண்டும் உயிர் பெற்றது. ‘மற்ற நாடுகள் தம் நிறுவனங்களுக்குப் பிணை நிற்கும்போது நாம் மட்டும் விலகினால் வேலை வாய்ப்பு அவர்களுக்குப் போய்விடும்’ என்பது ஆதரவாளர்களின் வாதம். இவ்விரு வாதங்களும் 1919 முதல் ஏதோ ஒரு வடிவத்தில் தொடர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

போட்டியும் வரம்பும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு மின் நிலையம், பாலம், துறைமுகம், இரயில் எல்லாம் தேவைப்பட்டன. அவற்றைக் கட்டித்தரப் பணக்கார நாடுகளின் நிறுவனங்கள் போட்டியிட்டன. பொருளின் தரத்தில் தொடங்கிய போட்டி, ‘யார் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் தருவார்’ என்னும் போட்டியாக மாறியது. ஒவ்வோர் அரசும் தன் நிறுவனத்திற்காக வட்டியைக் குறைத்தது. இந்தப் போட்டியில் எல்லா அரசுகளுமே நட்டப்படுவதைக் கண்டு, 1978-இல் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பின் நாடுகள் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. குறைந்த அளவு வட்டி, கூடுதல் அளவு தவணைக் காலம், வாங்குபவர் முன்பணமாக 15 விழுக்காடு செலுத்தல் என்பன போன்ற வரம்புகள் அதனால் உண்டாயின.

ஆனால், வரம்பு இருக்கும் இடத்தில் சுற்று வழியும் இருக்கும். ‘ஏற்றுமதிக் கடன்’ என்றால்தானே வரம்பு? அதனோடு ‘வளர்ச்சி உதவி’யைக் கலந்துவிட்டால்? ஏழை நாடுகளுக்கென ஒதுக்கிய உதவிப் பணத்தில் ஒரு பகுதியை ஏற்றுமதிக் கடனோடு சேர்த்துக் கொடுத்தால், கடன் மலிவாகும். ஒப்பந்தம் தன் நாட்டு நிறுவனத்திற்குக் கிடைக்கும். பிரிட்டன் 1977-இல் ‘உதவி வணிக ஒதுக்கீடு’ என்ற பெயரில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் மட்டுமே இதனைச் செய்தது என்று எண்ண வேண்டாம். பிற பணக்கார நாடுகளும் செய்தன. ‘அவர்கள் செய்வதால் நாங்களும் செய்கிறோம்’ என்றே ஒவ்வொரு நாடும் சொன்னது.

இதன் விளைவு எங்கே வந்து விழுந்தது? 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்தபின், உலகெங்கும் கடன் நெருக்கடி பரவியது. பிணை நின்ற அரசுகள் தம் ஏற்றுமதியாளர்களுக்கும் வங்கிகளுக்கும் இழப்பீடு கொடுத்தன. கொடுத்ததும் அந்தக் கடன் மறைந்துவிடவில்லை. அது ஏழை நாட்டு அரசு பணக்கார நாட்டு அரசுக்குத் தரவேண்டிய கடனாக உருமாறியது. வளரும் நாடுகள் பிரிட்டனுக்குத் தரவேண்டியிருந்த கடனில் பெரும்பகுதி இப்படி ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத் துறையின் கணக்கில் வந்து சேர்ந்ததே. பயனற்ற ஓர் இயந்திரத்தை வாங்கிய அரசு போயிருக்கும், இயந்திரமும் துருப்பிடித்திருக்கும், கடன் மட்டும் அந்நாட்டுப் பிள்ளைகளின் தலையில் நிற்கும்.

கத்ரியிலிருந்து பெர்காவ் வரை

இப்போது நம் நாட்டிற்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவுக்கும் பிரிட்டனுக்கும் உறவு கசந்திருந்தது. அயல்நாட்டு மாணவர்களுக்கான பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பிரிட்டன் பெருமளவு உயர்த்தியிருந்தது. மலேசிய மாணவர் பலர் பாதிக்கப்பட்டனர். 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் காலையில், மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேசனல், இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரியின் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தினர் என்பதை இங்கு நினைவுகூரத்தான் வேண்டும். அதற்குப்பின் இலண்டன் பங்குச் சந்தையின் விதிகள் இறுக்கப்பட்டபோது, அவ்வாண்டு பிரதமரான மகாதீர் முகமது ‘பிரிட்டிஷ் பொருள் கடைசியில்’ என்னும் கொள்கையை அறிவித்தார். அக்கொள்கை 1983-இல் கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் மகாதீரும் பிறகு நெருக்கமாயினர்.

1988 மார்ச்சில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் சார்ஜ் யங்கர் மலேசியாவோடு ஒரு குறிப்பாணையில் கையொப்பமிட்டார். மலேசியா வாங்கும் ஆயுதங்களின் மதிப்பில் 20 விழுக்காட்டுக்கு ஈடான வளர்ச்சி உதவி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆயுத விற்பனையையும் உதவியையும் இப்படிப் பிணைப்பது பிரிட்டனின் சொந்தக் கொள்கைக்கே மாறானது. பின்னர் இதனை உணர்ந்த பிரிட்டிஷ் அரசு, இரண்டும் தனித்தனி என்று கடிதங்களில் பிரித்துக் காட்ட முயன்றது. அவ்வாண்டு செப்டம்பரில் பெரும் ஆயுத விற்பனை உடன்பாடும் கையொப்பமானது.

1989 மார்ச்சில் மகாதீர் இலண்டன் சென்றபோது, கிளந்தானில் பெர்காவ் ஆற்றின் நீர்மின் திட்டத்திற்கு உதவுவதாகத் தாட்சர் வாக்களித்தார். பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டணி அப்போது சொன்ன செலவு 316 மில்லியன் பவுண்டு. வாக்களித்த உதவி 68.25 மில்லியன் பவுண்டு. இரண்டு வாரங்களுக்குள் நிறுவனங்கள் செலவை 397 மில்லியன் பவுண்டாக உயர்த்தின. வாக்குக் கொடுத்த பிரதமரோ பின்வாங்க விரும்பவில்லை.

ஓர் அதிகாரியின் மறுப்பு

பிரிட்டனின் அயலக வளர்ச்சி நிருவாகத்தில் இருந்த பொருளியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தனர். பெர்காவ் ஆற்றின் நீரோட்டம் நாள் முழுதும் மின்சாரம் எடுக்கப் போதாது. மின்தேவை உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்திற்கே அந்த நிலையம் இயங்கும். மலேசியாவிடம் கடலடி இயற்கை எரிவாயு உண்டு. எரிவாயுச் சுழலிகளை அமைத்தால் அதே மின்சாரத்தை மிகக் குறைந்த செலவில் பெறலாம். அணையைக் கட்டினால், அதன் ஆயுட்காலத்தில் மலேசிய மின் பயனீட்டாளர்கள் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் கூடுதலாகச் செலுத்த நேரும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். ‘உதவி’ என்று பெயரிட்ட ஒன்று, உதவி பெறுகிறவருக்கே செலவு வைக்கும் என்பதுதான் இக்கணக்கின் பொருள்.

அந்நிருவாகத்தின் நிரந்தரச் செயலாளர் டிம் லான்கெஸ்டர். துறையின் பணத்திற்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும் பொறுப்பும் அவருடையதே. 1991 பிப்ரவரியில் அவர், இத்திட்டத்திற்கு உதவிப் பணத்தைச் செலவிடுவது முறையன்று என எழுத்து வடிவில் மறுப்புத் தெரிவித்தார். பிரிட்டிஷ் நிருவாக மரபில், இத்தகைய மறுப்பை மீற வேண்டுமானால் அமைச்சர் எழுத்து மூலமாக ஆணையிட வேண்டும். தாட்சரின் வாக்கைக் காக்க வேண்டும் என்பது புதிய பிரதமர் சான் மேசர், வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஆகியோரின் முடிவு. 1991 சூலையில் எழுத்து ஆணை வந்தது. திட்டம் தொடர்ந்தது. வட்டி மானியமாகப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக் கொடுக்கப்படவிருந்த உதவியின் மொத்தத் தொகை 234 மில்லியன் பவுண்டாக வளர்ந்திருந்தது.

லான்கெஸ்டர் பதவி விலகி ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, செய்தித்தாளுக்கும் ஓடவில்லை. தம் கடமைப்படி ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, கோப்பில் வைத்தார். அந்தத் தாள்தான் பின்னால் பேசியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1993 அக்டோபரில் பிரிட்டிஷ் தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை வெளிவந்தபோது, உள்ளிருந்தே எழுந்த மறுப்பு உலகிற்குத் தெரிந்தது. பிற்காலத்தில் லான்கெஸ்டர் இவ்விவகாரத்தைப் பற்றித் தாமே ஒரு நூலும் எழுதினார்.

1994: தடையும் தீர்ப்பும்

1994-இல் நான் பள்ளி மாணவன். அவ்வாண்டு பிப்ரவரியில், ‘அரசாங்க ஒப்பந்தங்களில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு இடமில்லை’ என்று மலேசியா அறிவித்தது. பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் மலேசியத் தலைவர்கள்மீது வெளியிட்ட குற்றச்சாட்டுகளே அதற்குக் காரணம். வீட்டில் அப்பா செய்தித்தாளை விரித்து, “வெள்ளைக்காரனுக்கே தடையா!” என்று வியந்தது நினைவிருக்கிறது. அத்தடை செப்டம்பரில் நீக்கப்பட்டது. எங்களுக்கு அப்போது தெரிந்தது இரு நாட்டுச் சண்டை மட்டுமே. அந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு மின்கட்டணக் கணக்கு இருந்தது என்பதும், அந்தக் கட்டணத்தைச் செலுத்துவோர் வரிசையில் எங்கள் வீடும் இருந்தது என்பதும் நான் ஆசிரியரான பிறகு படித்தறிந்தவை.

இலண்டனில் ‘உலக மேம்பாட்டு இயக்கம்’ என்னும் தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுத்தது. அந்த அமைப்புக்கு அணையால் நேரடி இழப்பு எதுவுமில்லை. ‘உங்களுக்கு என்ன உரிமை?’ என்று கேட்டு வழக்கைத் தள்ளியிருக்கலாம். ஆனால், பொதுப்பணம் சட்டத்தை மீறிச் செலவிடப்படும்போது கேள்வி கேட்க வேறு எவரும் இல்லையெனில், இத்தகைய அமைப்பின் வழக்கை ஏற்கலாம் என உயர்நீதிமன்றம் கருதியது. 1994 நவம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1980-ஆம் ஆண்டின் அயலக வளர்ச்சி ஒத்துழைப்புச் சட்டம், ஒரு நாட்டின் வளர்ச்சியை மேம்படுத்தவும் அதன் பொருளாதாரத்தைக் காக்கவும் மக்கள் நலத்திற்காகவுமே உதவி தர அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. பொருளாதார அடிப்படையே பழுதான ஒரு திட்டம் அந்த நோக்கத்திற்குள் வராது. எனவே பெர்காவ் உதவி சட்டத்திற்குப் புறம்பானது என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் ஆயுத விற்பனையின் நியாயத்தை அளக்கவில்லை. ‘வளர்ச்சி’ என்று சட்டத்தில் எழுதிய சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்றார்கள்.

கையொப்பமிட்ட கடப்பாட்டைப் பிரிட்டன் கைவிடவில்லை. பணம் வளர்ச்சி உதவிக் கணக்கிலிருந்து போகாமல் அரசின் வேறு நிதியிலிருந்து போனது. அணையும் கட்டி முடிக்கப்பட்டது. கிளந்தானின் செலி வட்டாரத்தில், சுல்தான் இசுமாயில் பெட்ரா மின் நிலையம் என்ற பெயரில், 600 மெகாவாட் திறனோடு அது இயங்குகிறது.

பின்னர் நிகழ்ந்தவை

1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, உதவி வணிக ஒதுக்கீட்டை மூடியது. 2002-ஆம் ஆண்டின் அனைத்துலக மேம்பாட்டுச் சட்டம், வறுமையைக் குறைப்பதே பிரிட்டிஷ் உதவியின் நோக்கம் என வரையறுத்தது. பணக்கார நாடுகளிடையேயும், வணிக முறையிலேயே நடத்தத்தக்க திட்டங்களுக்கு உதவிப் பணத்தைக் கலக்கக் கூடாது என்னும் விதி 1992-இல் நடப்புக்கு வந்தது. பெர்காவ் ஒப்பந்தத்திற்கு ஓராண்டு கூட ஆகாத நேரம் அது. ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத் துறை 2011 முதல் ‘ஐக்கிய முடியரசு ஏற்றுமதி நிதியம்’ என்னும் பெயரில் இயங்குகிறது. 2021 மார்ச் 31 முதல், அயல்நாட்டு நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குப் புதிய ஆதரவு தருவதைப் பிரிட்டன் பொதுவாக நிறுத்திக்கொண்டது. கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் நீண்டிருக்கிறது என்பதற்கு இது சான்று.

நம் வட்டாரமும் இம்முறையைக் கைக்கொண்டுள்ளது. சிங்கப்பூர் 1975-இலும் மலேசியா 1977-இலும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனங்களை அமைத்தன. 1995-இல் மலேசிய ஏற்றுமதி இறக்குமதி வங்கி உருவானது. 2005-இல் காப்பீட்டு நிறுவனம் அதனோடு இணைக்கப்பட்டது. இந்தியாவில் 1957-இலேயே ஏற்றுமதி இடர்க் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. 1982-இல் ஏற்றுமதி இறக்குமதி வங்கி செயல்படத் தொடங்கியது. மூவார் நாற்காலிக்காரருக்கு இத்தகைய அமைப்புகள் உண்மையிலேயே துணை. நம் பெற்றோர்களில் சிறு தொழில் நடத்துவோர், அயல்நாட்டு ஆணை வந்தால் அச்சப்பட்டு ஒதுங்காமல், இக்காப்பீடு குறித்துத் தம் வங்கியில் கேட்டறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நம் மாணவர்க்கு எதைச் சொல்வது? ஏற்றுமதிக்கு அரசு துணை நிற்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 1919-இல் வேலையற்று நின்ற தொழிலாளிக்கும், பொருளின்றி வாடிய போலந்துக் குடும்பத்திற்கும் அது இருபக்க நன்மையாகவே தொடங்கியது. கேடு எங்கே நுழைந்தது? ‘விற்பவருக்கு இலாபமா?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, ‘வாங்குபவருக்கு இது தேவையா? அவரால் கடனைத் தாங்க முடியுமா?’ என்ற கேள்விகளை விட்டபோது நுழைந்தது. பெர்காவில் விற்றவர், வாங்கியவர் இருவருமே அரசியல் தலைவர்களின் உடன்பாட்டோடு மனநிறைவாக இருந்தனர். செலவைச் சுமக்கவிருந்த பிரிட்டிஷ் வரி செலுத்துவோரும் மலேசிய மின் பயனீட்டாளரும் அந்த மேசையில் இல்லை. அவர்களுக்காக ஒரு கோப்பில் ஒரு தாள் மட்டும் இருந்தது.

நன்னெறி பாடத்தில் ‘நேர்மை’, ‘பொறுப்புணர்வு’ என்று கரும்பலகையில் எழுதுகிறோம். எடுத்துக்காட்டாகக் கீழே கிடந்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்த சிறுவனின் கதையைச் சொல்கிறோம். அந்தக் கதை இருக்கட்டும். அதனோடு, பிரதமரே வாக்குக் கொடுத்த திட்டத்திற்கு ‘இது முறையன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்ட ஓர் அதிகாரியின் கதையையும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது ஒரு மாணவி, “ஐயா, அவர் எழுதியும் அணையைக் கட்டிவிட்டார்களே, பிறகு எழுதி என்ன பயன்?” என்று கேட்டாள். அந்தத் தாள் இல்லையென்றால் கணக்காய்வாளருக்கும் நீதிமன்றத்திற்கும் என்ன கிடைத்திருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் அவர் நமக்காக எழுதியிருக்கிறார்” என்றாள். அந்த விடைக்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

‘555’ புத்தகத்திற்குப் பிணை நின்ற அந்தத் தோட்டத்துப் பெரியவர், குடும்பத்தை நன்கறிந்த பிறகே “நான் பொறுப்பு” என்பார். கடன் தீராவிட்டால் அவருடைய சொந்தச் சம்பளத்திலிருந்து போகும் அல்லவா? அரசாங்கம் பிணை நிற்கும்போது போவது நம் சம்பளம். ஆகவே, எதற்குப் பிணை, யாருக்குப் பிணை என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

மீண்டும் வேறொரு வரலாற்றோடு சந்திப்போம்.